கை உயர்த்திய இரவுக்குப் பிறகு

கன்வென்ஷன் பந்தலின் கடைசி நாள் இரவு எப்படி இருக்கும் என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாட்டு மெதுவாகும். பிரசங்கியாரின் குரல் தழையும். ஆண்டவருக்கென்று வாழ்க்கையை ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்தலாம் என்பார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழும்பும். பெயர், ஊர், சேகரம் எழுதிக்கொடுக்க ஓர் அட்டை தருவார்கள். மறுநாள் காலையில் பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

முடிவெடுக்க வைப்பதற்கு மூன்று இரவுகள் செலவிடுகிறோம். எடுத்த முடிவோடு முப்பது ஆண்டுகள் எப்படி வாழ்வது என்று சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் ஒதுக்குவதில்லை. கீழே இருப்பவை அந்த அட்டையை நிரப்பிக் கொடுத்தவர்களுக்காக எழுதியவை. போதகராகப் போகிறவர்களை மட்டும் மனதில் வைத்து எழுதவில்லை. நர்ஸாக, பள்ளிக்கூட வாத்தியாராக, மளிகைக் கடைக்காரராக, ஞாயிறு பள்ளி டீச்சராக ஆண்டவர் தன்னை ஓரிடத்தில் வைத்திருக்கிறார் என்று நம்புகிற யாருக்கும் இவை பொருந்தும். கடைசிவரை நின்றவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது இதுதான்: அவர்கள் நம்மைவிட அதிகமாக உருகி அழுதவர்களாகத் தெரியவில்லை. நாட்களை ஒழுங்கு பண்ணி வைத்துக்கொண்டவர்கள். நிலைமை மாறியபோது அந்த ஒழுங்கையும் மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள்.

செய்ய வேண்டியவை

அழைப்பை, உங்களை அறிந்தவர்கள் முன் வையுங்கள். தமஸ்கு வழியில் சவுல் கண்டது போன்ற வெளிச்சத்தை நம்மில் யாரும் கண்டிருக்க மாட்டோம். அவரே உடனே மூட்டை கட்டிக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பவில்லை. அரபி தேசம், மறுபடியும் தமஸ்கு, மூன்று வருஷம் கழித்து எருசலேமில் பதினைந்து நாள், பிறகு சொந்த ஊரான தர்சு என்று, வெளியே பேர் தெரியாமல் ஆண்டுகள் போயின. பர்னபா தேடிப்போய் அழைத்து வந்ததால்தான் அந்தியோகியாவில் வேலை தொடங்கியது. அங்கும் ஒரு வருஷம் சபையாரோடு இருந்து போதித்த பின்பே சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது.

உங்கள் போதகர், உங்களோடு வேலை பார்க்கும் ஒருவர், உங்கள் கோபத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிற வீட்டார் என்று மூன்று பேரிடமாவது கேளுங்கள். மூவரும் தயங்கினால் பொறுங்கள். பொறுத்ததால் கெட்டுப்போன அழைப்பு ஒன்றையும் நான் கேள்விப்பட்டதில்லை. அவசரத்தில் கெட்டவை நிறைய உண்டு.

சிறிதாகத் தொடங்குங்கள், நேரம் குறித்துத் தொடங்குங்கள். "இனி தினமும் நாலு மணிக்கு எழுந்து ரெண்டு மணி நேரம் ஜெபிப்பேன்" என்பது கன்வென்ஷன் முடிந்த வாரத்துப் பொருத்தனை. மூன்றாவது வாரத்தில் அது முறியும். முறிந்த பிறகு வரும் குற்ற உணர்ச்சி, ஏற்கெனவே செய்துகொண்டிருந்த பத்து நிமிஷ ஜெபத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். இருபது நிமிஷம் போதும். அதே நேரம், அதே நாற்காலி, ஓர் அதிகாரம். வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு புத்தகத்தைத் தொடங்கி முடியுங்கள். ஆதியாகமத்தில் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் லேவியராகமத்தில் இறங்கிவிடுவார்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கினால் தப்பிக்கலாம்.

நம் பாட்டிமாருக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அந்தப் பிடியரிசி கோவிலுக்குப் போகும். அன்றைக்கு மனம் உருகியிருந்ததா, முந்தின ராத்திரி வீட்டில் சண்டையா என்பதெல்லாம் அந்தப் பானைக்குத் தெரியாது. உலை வைத்தால் ஒரு பிடி எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். மிசோரம் சபைகளில் 1910-இல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் நடக்கிறது. அங்கிருந்து வெளியே போகும் மிஷனெரிகளைத் தாங்குவதில் அந்த அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு. 1903-இல் வே. ச. அசரியாவும் அவரோடு இருந்தவர்களும் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரிச் சங்கம், வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம்மவர் காணிக்கையே போதும் என்ற தீர்மானத்தோடு எழும்பியது. திருநெல்வேலிக் கிராமத்துச் சபைகள் அதைச் சுமந்தன.

ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் புத்தகமாக வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் 'நற்போதகம்' பத்திரிகையில் பகுதி பகுதியாக வந்தது. விசுவாசி ஒருவன் வழியில் சோராமல் போய்ச் சேர்வதைப் பற்றிய காவியம், இதழுக்கு இதழ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆயத்தத்துக்கு ஆண்டுகள் கொடுங்கள். ஐடா ஸ்கடருக்குத் திண்டிவனத்தில் நேர்ந்த இரவு பலருக்கும் தெரிந்த கதை. பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தகப்பனார் வருவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மிஷனெரியாக மட்டும் ஆகக் கூடாது என்றிருந்த பெண்ணின் மனம் அன்று மாறியது. பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் பட்டம் வாங்கி, 1900-இல்தான் வேலூருக்கு வந்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்க 1918 ஆயிற்று. அந்த இரவின் அழுகையோடு மறுநாளே ஊழியத்தில் குதித்திருந்தால், நான்காவது பெண்ணையும் அவரால் காப்பாற்றியிருக்க முடியாது.

பால் பிராண்ட் கதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. கொல்லிமலையில் பிறந்த அவர், மருத்துவம் படிக்கும் முன் லண்டனில் சில ஆண்டுகள் தச்சும் கொத்தும் கட்டட வேலையும் பழகினார். வீணாய்ப் போன காலம் என்று அப்போது தோன்றியிருக்கும். பிற்பாடு வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்தி, அந்தக் கைகளுக்கு ஏற்ற வேலையும் கருவியும் செருப்பும் யோசித்தபோது அந்தத் தச்சுப் பட்டறை அவருக்குக் கைகொடுத்தது.

பணக் கணக்கை வெளிச்சத்தில் வையுங்கள். விசுவாச ஊழியம் என்று சொல்லிவிட்டால் வருமானத்தைப் பற்றிப் பேசுவதே அவிசுவாசம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தார். வில்லியம் கேரி வங்காளத்தில் முதல் ஆண்டுகளில் மட்னாபட்டி என்ற ஊரில் அவுரித் தொழிற்சாலை மேலாளராக இருந்தார். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டே வங்காள மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். வேலையை விடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குக் காகிதத்தில் பதில் எழுதுங்கள். கடன் எவ்வளவு? பெற்றோருக்கு மாதாமாதம் எவ்வளவு போக வேண்டும்? பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எங்கிருந்து வரும்? கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். காணிக்கை வாங்கத் தொடங்கிய பிறகு, உங்கள் உறவுக்காரர் அல்லாத ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கட்டும். ஊழியங்கள் கவிழ்ந்த இடங்களை விசாரித்துப் பாருங்கள். உபதேசத்தில் கவிழ்ந்ததைவிடக் கணக்குப் புத்தகத்தில் கவிழ்ந்ததே அதிகம் என்று எனக்குப் படுகிறது.

சோர்ந்தால் முதலில் தூங்குங்கள். கர்மேலில் அக்கினி இறங்கப் பார்த்த எலியா, யேசபேல் அனுப்பிய ஒரே செய்தியில் இடிந்துபோய், வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டார். தேவதூதன் வந்து கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் சாப்பாடு. இங்கே என்ன காரியம் என்ற கேள்வி வந்தது, நாற்பது நாள் நடந்து ஓரேபைச் சேர்ந்த பிறகு. அங்கேதான் ஒரு கணக்கும் திருத்தப்பட்டது: நான் ஒருவன்தான் மீந்திருக்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, ஏழாயிரம் பேர் இருந்தார்கள். எலிசாவும் துணைக்குக் கிடைத்தார். தூக்கமும் சோறும் இல்லாதவன் எப்போதும் ஒன்று என்றுதான் எண்ணுவான்.

வாரத்தில் ஒரு நாள் கூட்டம் வேண்டாம், போனும் வேண்டாம் என்று வையுங்கள். போதகர்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள் கிடையாது. திங்கட்கிழமையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கச் சபையாரும் பழக வேண்டும்.

அழைப்பின் வடிவம் மாறும்போது உடன் மாறுங்கள். இந்தப் பட்டியலில் எதையாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஏமி கார்மைக்கேல் முதலில் சீனாவுக்குப் போக விரும்பினார். உடல்நிலை காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1893-இல் ஜப்பானுக்குப் போனார். உடம்பு தாங்காமல் திரும்பினார். 1895-இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் பொன்னம்மாள் முதலிய பெண்களோடு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாய்ப் போய்ப் பிரசங்கித்தார். அதுதான் தன் அழைப்பு என்று இருந்தவரிடம் 1901-இல், கோவிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி தப்பி வந்து சேர்ந்தாள். அவள் பின்னால் இன்னும் பல குழந்தைகள். ஊர் ஊராய்ப் போகும் வேலை நின்றது. குழந்தைக்குப் பால் கரைப்பதும் நகம் வெட்டுவதும் இரவெல்லாம் விழித்திருப்பதும் வேலையாயிற்று. பிரசங்கிக்க வந்தவர் ஆயா வேலை பார்ப்பதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள்; அவருக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. டோனாவூர்க் குழந்தைகள் இல்லம் அப்படித்தான் உண்டானது. பிறகு 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951-இல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள். வண்டியில் சுற்றிய பெண், அந்த அறையில் இருந்தபடி புத்தகங்களும் பிள்ளைகளுக்குக் கடிதங்களும் எழுதினார்.

மேரி வர்கீஸ் வேலூரில் மகப்பேறு மருத்துவத்தில் மேலே போக எண்ணியிருந்த இளம் டாக்டர். 1954-இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. பிரசவ அறை இனி இல்லை. கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று வழிகாட்டியவர் பால் பிராண்ட். சக்கர நாற்காலியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அதோடும் நிற்கவில்லை. வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, தன்னைப் போல் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்காக 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார்.

இவர்கள் இருவருமே முதலில் நினைத்த வேலையை இழந்தவர்கள். அதையே இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நமக்கு அவர்களைத் தெரிந்திருக்காது. உங்களுக்கு நேர்வது இதைவிடச் சிறியதாக இருக்கலாம். மாற்றல் ஆர்டர், படுத்துவிட்ட மாமியார், பேச முடியாதபடி கெட்டுவிட்ட தொண்டை. இது என் ஊழியத்துக்குத் தடை என்று ஜெபக் குறிப்பு எழுதும் முன், இதுவே ஊழியமாக இருக்குமோ என்று ஒரு மாதம் யோசியுங்கள்.

ஒருவரிடம் முழு உண்மையையும் சொல்லுங்கள். உங்களைப் பாராட்டுகிறவராக அவர் இருக்கக் கூடாது. உங்கள் காணிக்கையை நம்பி இருப்பவராகவும் இருக்கக் கூடாது.

88-ஆம் சங்கீதத்தையும் வாசியுங்கள். அது இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில் திருப்பம் கிடையாது. வேதாகமத்திலேயே அதற்கு இடம் உண்டு என்று தெரிந்துகொள்வது சில ராத்திரிகளில் உதவும்.

செய்யக்கூடாதவை

உணர்ச்சி வற்றினால் விசுவாசம் போய்விட்டதென்று முடிவு கட்டாதீர்கள். 1946 செப்டம்பரில் டார்ஜிலிங் போகும் ரயிலில் அழைப்பைப் பெற்ற அன்னை தெரசா, கல்கத்தாத் தெருக்களில் வேலை தொடங்கிய காலத்திலேயே உள்ளுக்குள் வறட்சியை அனுபவிக்கத் தொடங்கினார். தேவ பிரசன்னத்தை உணர முடியாத அந்த நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. ஆன்ம குருக்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வெளியானபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அத்தனை ஆண்டும் அவர் காலையில் சிற்றாலயத்துக்குப் போனார், பின்பு வேலைக்குப் போனார். நம்மூர் சாட்சி நேரங்களில் வறட்சியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எல்லாரும் நிரம்பி வழிவதாகவே சொல்வதால், வற்றிப்போனவர் தான் மட்டும்தான் என்று எண்ணிச் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்.

தலைகளை எண்ணாதீர்கள், எண்ணாமலே இருந்தும் விடாதீர்கள். கேரி 1793-இல் வந்தார். கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28-இல். பர்மாவுக்கு 1813-இல் போன அதோனிராம் ஜட்சனுக்கு முதல் விசுவாசி கிடைத்தது 1819-இல். இவற்றைச் சொல்லித்தான் எல்லாக் கூட்டத்திலும் தைரியப்படுத்துவார்கள். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. ஏழாம் வருஷம் கனி கண்டவர்களின் பெயரைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆகவே காத்திருக்கும் காலத்தில் கேரி என்ன செய்தார் என்றும் பாருங்கள்: மொழியைக் கற்றார், மொழிபெயர்த்தார், தப்பாகப் போனதைத் திருத்தினார், செராம்பூருக்கு இடம் மாறினார். ஏழு வருஷம் ஒரே மாதிரி துண்டுப் பிரசுரத்தை ஒரே மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதற்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

1812 மார்ச் 11 இரவு செராம்பூரில் கேரியின் அச்சுக்கூடம் எரிந்தது. ஆண்டுக்கணக்கில் எழுதிய கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. எழுத்து வார்க்கும் அச்சுகள் தப்பியிருந்தன. அவற்றை வைத்து, உருகிக் கிடந்த ஈயத்தையே மறுபடி வார்த்து, சில மாதங்களில் அச்சடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மொழிபெயர்ப்பையும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

குடும்பத்தைப் பலிகொடுத்துவிட்டு அதை அர்ப்பணிப்பு என்று சொல்லாதீர்கள். கேரியின் இன்னொரு பக்கத்தை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. மனைவி டாரத்தி புறப்பட விரும்பவில்லை. வற்புறுத்தலுக்குப் பிறகே கப்பலேறினார். 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் டாரத்தியின் மனம் கலங்கியது, 1807-இல் இறக்கும் வரை தெளியவில்லை. கேரியின் உழைப்பைப் போற்றுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். பின்பற்றத் தகுந்த பகுதி இது இல்லை. கொர்பான் என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். மனைவிக்குச் சம்மதமில்லாமல் வேலையை விடாதீர்கள். போதகர் வீட்டுப் பிள்ளை என்பதற்காக எல்லாக் கூட்டத்திலும் முன் வரிசையில் உட்காரப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

தீர்க்கதரிசனம் தேடி ஊர் ஊராய் அலையாதீர்கள். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டை நல்ல வழக்கம்தான். வீட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள். அதை வைத்து வீடு விற்காதீர்கள், கல்யாணம் முடிக்காதீர்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ டாக்டர் கொடுத்ததை, விசுவாசத்தால் சுகமாகிவிட்டேன் என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். சுகம் கிடைத்திருந்தால் பரிசோதனையில் தெரியும், டாக்டரே நிறுத்துவார். மனச்சோர்வைப் பாவம் என்றோ பிசாசின் பிடி என்றோ முத்திரை குத்துவது அதைவிடப் பெரிய தீங்கு. லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன், 1856 அக்டோபரில் இருபத்திரண்டு வயதில், தான் பிரசங்கித்த அரங்கில் யாரோ தீ என்று கூச்சலிட, நெரிசலில் ஏழு பேர் இறந்ததைக் கண்டார். அன்று தொடங்கிய நொறுக்கம் வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது அவரிடம் திரும்பி வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. தன்னிடம் படித்த மாணவர்களுக்கு அதைப் பற்றியே பாடம் எடுத்தார். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்தால், அன்றைக்கே வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். ஜெபமும் கூடவே நடக்கட்டும்.

யூடியூபைச் சபையாக்கிக்கொள்ளாதீர்கள். பிரசங்கம் அங்கே நன்றாகவே இருக்கும். நீங்கள் மூன்று வாரம் வராவிட்டால் அது தேடி வராது.

பக்கத்து ஊழியத்தை எட்டிப் பார்க்காதீர்கள். கலிலேயாக் கடற்கரையில் தன் முடிவைப் பற்றிக் கேள்விப்பட்ட கையோடு பேதுரு திரும்பிப் பார்த்து யோவானைப் பற்றிக் கேட்டார். அது உனக்கு எதற்கு என்ற பொருளில்தான் பதில் வந்தது. அவர்கள் கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி, என்ன வண்டி, எத்தனை சப்ஸ்கிரைபர் என்பதெல்லாம் இந்தக் கேள்வியின் இன்றைய வடிவங்கள்.

கொடுமையைச் சகிப்பதை நிலைத்திருப்பது என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். தலைமையில் இருப்பவர் பணத்தைக் கையாடுகிறார், பெண்களிடம் அத்துமீறுகிறார், கேள்வி கேட்டவரைச் சாபம் என்று மிரட்டுகிறார் என்றால் அங்கே பொறுத்துக்கொண்டு இருப்பது அழைப்புக்கு உண்மையாய் இருப்பதாகாது. வெளியே வாருங்கள், குற்றம் நடந்திருந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள். தமஸ்குவில் பவுல் மதில் வழியாகக் கூடையில் இறங்கித் தப்பினார். ஓடிப்போனவர் என்று அவரை யாரும் சொல்வதில்லை.

வேலை முடியாமல் போவதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகியவர். டேனிஷ் அதிகாரியோடு மோதலில் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தபோது, 1719-இல், முப்பத்தாறு வயதில் இறந்தார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனெரி ஷூல்ட்சே முடித்தார். உங்களுக்கும் ஒரு ஷூல்ட்சே வேண்டும். வேலையை இப்போதே இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்குங்கள். சாவிக்கொத்தை இடுப்பிலேயே செருகி வைத்திருக்காதீர்கள்.

ஓய்வு வயதைக் கடைசித் தேதியாக்காதீர்கள். பால் பிராண்டின் தாயார் ஈவ்லின், கணவர் ஜெஸ்ஸி 1929-இல் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்தபின்பும் ஊழியத்தை விடவில்லை. எழுபதை நெருங்கியபோது மிஷன் அவரை ஓய்வு பெறச் சொன்னது. ஓய்வு பெற்றார், பெற்றுக்கொண்டு மலைக்கே திரும்பிவிட்டார். கணவரும் தானும் கனவு கண்டிருந்த மற்ற மலைகளுக்கும் மட்டக்குதிரையில் போனார். 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும் வரை அந்த மலைக்காரர்களோடுதான் இருந்தார். எல்லாருக்கும் இந்த உடல் வலு வாய்க்காது. ஆனால் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்களும் நர்ஸ்களும் எத்தனை பேர் நம் சபைகளில் காணிக்கைத் தட்டு எடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள்!

விட்டுப்போனவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். பவுலும் பர்னபாவும் போன முதல் பயணத்தில் மாற்கு அவர்களைப் பெர்கேயில் பாதியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போனார். ஏன் என்று லூக்கா எழுதவில்லை. அடுத்த பயணத்துக்கு அவரைச் சேர்ப்பதா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் சண்டை மூண்டு இருவரும் பிரிந்தே போனார்கள். பவுலின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. பர்னபாவோ அந்த இளைஞனை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும் பவுல், தேமா தன்னை விட்டுப்போன வருத்தத்தைச் சொல்லிவிட்டு, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வரும்படி கேட்கிறார். ஊழியத்தில் தனக்கு அவர் பிரயோஜனமானவர் என்கிறார். துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியும் தோற்சுருள்களும் வேண்டும் என்பதும் அதே பகுதியில்தான் வருகிறது. குளிர்காலம் வந்துகொண்டிருந்தது.

உங்கள் சபையிலும் அட்டை நிரப்பிக் கொடுத்து, இரண்டு வருஷம் ஓடியாடி வேலை செய்து, இப்போது ஞாயிற்றுக்கிழமைகூடக் கண்ணில் படாத ஒருவர் இருப்பார். வீட்டுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம்; வேதாகமத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். காபி குடியுங்கள், பிள்ளைகள் படிப்பை விசாரியுங்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டால், கிளம்பும்போது அதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.